பச்சிளங்குழந்தைப் பராமரிப்பும் செவிலியரின் பணிநேரமும்

ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், நகரி மலைகளை அடுத்து அமைந்துள்ள கார்வேட்டிநகரம் ஒரு காலத்தில் பெரிய ஜமீன் ஒன்றின் தலைநகராக விளங்கியது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதியில் தெலுங்கும் தமிழும் இன்றும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்குகின்றன. இப்போது அது ஒரு மண்டலத் தலைமையிடம். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது அண்டையிலுள்ள புத்தூர் அதனோடு சென்றது; கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே நின்றது.

இம்மண்டலத்தின் சிற்றூர் ஒன்றில் எட்டாம் மாதத்திலேயே, 1,400 கிராம் எடையுடன் ஒரு குழந்தை பிறப்பதாகக் கொள்வோம். அக்குழந்தைக்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, மேற்கே சித்தூர் மாவட்டத் தலைமை மருத்துவமனை. மற்றொன்று, புத்தூர் வழியாக வடக்கே திருப்பதி. திருப்பதியில், 1960-இல் தொடங்கப்பெற்ற ஸ்ரீ வெங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த அரசு மருத்துவமனைகள் உள்ளன. இரண்டுமே எளிதில் கடந்துவிடக்கூடிய தொலைவில் இல்லை. பயணத்தின்போது குழந்தையின் உடல் குளிர்ந்துவிடாமல் காக்க வேண்டும். மூச்சு நின்றுவிடாமல் கவனிக்க வேண்டும். பயணம் முடிந்த இடத்தில் அக்குழந்தையை முதலில் கையில் ஏந்துபவர் பெரும்பாலும் ஒரு செவிலியர். அடுத்து வரும் இரண்டு அல்லது மூன்று வாரங்களில், இருபத்து நான்கு மணி நேரமும் அதன் அருகில் இருப்பவரும் அவரே. மருத்துவர் வந்து பார்த்துச் செல்கிறார். செவிலியர் இருந்து பார்க்கிறார். நம் நாட்டின் குழந்தை நலத் திட்டங்களில் இந்த 'இருத்தல்' என்னும் பணிக்கு எவ்வளவு இடம் தரப்பட்டுள்ளது என்பது ஆராயத்தக்கது.

இறப்பு விகிதத்தின் உள்ளமைப்பு

1946-இல் வெளியான போர் குழுவின் அறிக்கை, அன்றைய இந்தியாவில் ஏறத்தாழ 7,000 செவிலியர்களே இருந்தனர் என்றும், 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற நிலை நிலவியது என்றும் கணக்கிட்டது. உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறைவதற்குள் இறந்த காலம் அது. 1983-ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, 2000-க்குள் சிசு மரண விகிதத்தை 60-க்குக் கீழ் கொண்டுவர இலக்கு வகுத்தது. 2000-இல் அவ்விகிதம் 68-ஆக நின்றது. பின்னர் வீழ்ச்சி விரைவுற்று, 2020-இல் 28-ஐ எட்டியது.

மொத்த விகிதம் மட்டும் உண்மை நிலையை முழுதும் காட்டிவிடாது. பிறந்த 28 நாட்களுக்குள் நேரும் இறப்பைத் தனியே பிரித்துப் பார்க்க வேண்டும். 1990-இல் சிசு மரண விகிதம் 80. அதில் பச்சிளங்குழந்தை மரணம் 53, அதாவது மூன்றில் இரு பங்கு. 2020-இல் 28-இல் 20. ஏறத்தாழ 71 சதவீதம். தடுப்பூசியும், வயிற்றுப்போக்குக்கான உப்புச் சர்க்கரைக் கரைசலும், குடிநீர் வசதியும் முதல் மாதத்தைக் கடந்துவிட்ட குழந்தைகளையே பெரிதும் காத்தன. முதல் மாதத்தின் இறப்புகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே நேர்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத் திணறல், கிருமித் தொற்று ஆகிய மூன்றுமே முதன்மைக் காரணங்கள். இவற்றில் எதையும் ஒரு முறை ஊசி போட்டுத் தீர்த்துவிட இயலாது. மணிதோறும் செய்ய வேண்டிய பணி இது.

மூன்று அடுக்கு அமைப்பு

மாவட்ட அளவில் இப்பணியைச் செய்ய இயலும் என்பதைக் காட்டியது மேற்கு வங்கத்தின் புருலியா. வறட்சிக்கும் வறுமைக்கும் பெயர்பெற்ற அம்மாவட்டத்தின் தலைமை மருத்துவமனையில் 2003-இல் டாக்டர் அருண் சிங் முன்முயற்சியால் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புப் பிரிவு தொடங்கப்பட்டது. அதுவரை இத்தகைய பிரிவு பெருநகர மருத்துவக் கல்லூரிகளுக்கே உரியது என்ற எண்ணம் இருந்தது. அங்கு கிடைத்த அனுபவத்தின் அடிப்படையில் மத்திய அரசு 2011-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பிரசவம் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும் குழந்தைப் பராமரிப்பு மூலை. முதல்நிலைப் பரிந்துரை மருத்துவமனையில் நிலைப்படுத்தும் பிரிவு. மாவட்ட மருத்துவமனையில் குறைந்தது 12 படுக்கைகள் கொண்ட சிறப்புப் பிரிவு என்பது அதன் அமைப்பு. ஆண்டுக்கு 3,000 பிரசவங்கள் வரை 12 படுக்கைகள். அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்திற்கும் நான்கு படுக்கைகள் கூடுதல். அதே ஆண்டு தொடங்கிய ஜனனி சிசு சுரட்சா திட்டம், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, போக்குவரத்து அனைத்தையும் இலவசமாக்கியது.

ஆந்திர அரசு 2020 ஜூலையில் புதிய ஆம்புலன்சு வண்டிகளைப் பணியில் ஈடுபடுத்தியபோது, அவற்றில் 26 வண்டிகள் பச்சிளங்குழந்தைகளுக்கெனவே அமைக்கப்பட்டிருந்தன. அன்றிருந்த 13 மாவட்டங்களுக்கு, மாவட்டத்திற்கு இரண்டு என்ற அளவு இது. கார்வேட்டிநகரம் போன்ற ஓர் ஊருக்கு இதன் பயன் வெளிப்படை.

ஒரு பணிமுறையின் உள்ளே

சிறப்புப் பிரிவில் பணிபுரியும் செவிலியரின் எட்டு மணி நேரத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்பது தகும். இங்கு அளவுகள் யாவும் மிகச் சிறியவை. ஆகவே பிழைக்கு இடமும் மிகக் குறைவு. 1,200 கிராம் எடையுள்ள குழந்தையின் உடலிலுள்ள மொத்த இரத்தம் சுமார் 100 மில்லி லிட்டர். ஒரு சிறு தம்ளர் கூட நிறையாது. பரிசோதனைக்காக ஒரு மில்லி எடுத்தால் அதில் நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. முதல் நாளில் அக்குழந்தைக்குக் கிலோவுக்கு 80 மில்லி வீதம் திரவம் செலுத்துவது வழக்கம். கணக்கிட்டால் நாளொன்றுக்கு 96 மில்லி. மணிக்கு நான்கு மில்லி. நுண்சொட்டுக் குழாயில் நிமிடத்திற்கு நான்கு சொட்டு. அது எட்டாகிவிட்டால் உடனே யாரும் அலறப் போவதில்லை. சில மணி நேரம் கழித்துக் குழந்தையின் மூச்சு கடினமாகும்போதே தெரியவரும். சொட்டுகளை எண்ணும் கண்ணே அங்கு மருந்துக்கு அடுத்த மருந்து.

உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பமூட்டும் கட்டிலின் உணர்முனை குழந்தையின் தோலிலிருந்து நழுவிவிட்டால், குழந்தை குளிர்ந்திருப்பதாகக் கருவி தவறாகக் கணித்து மேலும் சூடேற்றும். உயிர்வாயுவின் செறிவு 90 முதல் 95 சதவீதத்திற்குள் நிற்க வேண்டும். குறைந்தால் மூளைக்குக் கேடு. கூடினால் கண்ணுக்குக் கேடு. 1940-களிலும் 1950-களின் தொடக்கத்திலும், மேலை நாடுகளின் மிகச் சிறந்த மருத்துவமனைகளில், தாராளமாக உயிர்வாயு அளிக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 குறைமாதக் குழந்தைகள் பார்வையிழந்தனர். வசதி குறைந்த மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகள் தப்பின என்பது மருத்துவ வரலாற்றின் கசப்பான வேடிக்கை. 1954-இல்தான் காரணம் உறுதியாயிற்று. இந்தியாவில் சிறப்புப் பிரிவுகள் பெருகிய பின் இதே இடர் இங்கும் தலைகாட்டியது. அதனாலேயே 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடனோ 34 வாரங்களுக்கு முன்போ பிறந்த குழந்தைகளின் விழித்திரையை ஒரு மாதத்திற்குள் பரிசோதிக்க வேண்டும் என்பது விதியாயிற்று. பல்ஸ் ஆக்சிமீட்டர் என்னும் கருவி செறிவை எண்ணாகக் காட்டும். உயிர்வாயுக் குமிழைத் திருப்ப வேண்டியது செவிலியரின் கை.

இனி நேரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு செவிலியரின் பொறுப்பில் நான்கு குழந்தைகள். நால்வரும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தவர்கள். குழாய் வழியே இரண்டு மணிக்கு ஒரு முறை தாய்ப்பால் பெறுபவர்கள். எட்டு மணி நேரத்தில் 16 முறை பாலூட்ட வேண்டும். பாலைத் தாயிடமிருந்து பெறுவது, அளப்பது, குழாயின் நிலையைச் சரிபார்ப்பது, மெல்ல இறங்கவிடுவது, எழுதி வைப்பது எல்லாம் சேர்ந்து ஒரு முறைக்குக் கால் மணி நேரம் என்று வைத்தாலும் நான்கு மணி நேரம் இதிலேயே செல்கிறது. ஒரு குழந்தையைத் தொட்டு அடுத்ததைத் தொடுமுன் கைகளைத் தூய்மை செய்ய வேண்டும். மணிக்கு 15 முறை, ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிடம் எனில் எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம். எஞ்சுவது மூன்று மணி நேரம். வெப்பம், மூச்சு, இதயத் துடிப்பு ஆகியவற்றைப் பார்த்தல், ஊசி மருந்து, சொட்டு மருந்து, மஞ்சள் காமாலைக்கான ஒளிச் சிகிச்சை, படுக்கை மாற்றுதல், பதிவேடு, இணையப் பதிவு, வெளியே காத்திருக்கும் பாட்டியின் கேள்விகளுக்கு விடை ஆகிய யாவும் அந்த மூன்று மணி நேரத்தில் அடங்க வேண்டும். அவ்வேளையில் ஐந்தாவதாக ஒரு குழந்தை வண்டியிலிருந்து இறக்கப்பட்டால் முதலில் சுருங்குவது எது? பாலூட்டலைத் தள்ளிப்போட இயலாது. கை கழுவும் அரை நிமிடமே சுருங்கும். தொற்று பரவுவதற்கான வாயில் இவ்வாறு திறக்கிறது. இதைக் கவனக்குறைவு என்று எழுதி விளக்கம் கேட்பது எளிது. நேரப் பற்றாக்குறை என்று எழுதினால் பணியிடம் கேட்க வேண்டியிருக்கும்.

செவிலியர் அருகிலிருப்பதன் பயன் கடமைப் பட்டியலோடு முடிவதில்லை. ஒளிச் சிகிச்சையே அதற்குச் சான்று. 1956-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் எசெக்சு மாவட்டத்திலுள்ள ராச்ஃபோர்டு பொது மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பிலிருந்த சிஸ்டர் வார்ட் என்னும் செவிலியர், வெயில் நல்லது என்ற நம்பிக்கையில் குழந்தைகளை முற்றத்திற்கு எடுத்துச் செல்வது வழக்கம். ஒரு நாள், மஞ்சள் காமாலை கண்ட குழந்தை ஒன்றின் உடலெங்கும் மஞ்சள் வெளிறியிருக்க, ஒரு முக்கோண வடிவில் மட்டும் அடர்ந்திருப்பதை மருத்துவர்களிடம் காட்டினார். துணியின் முனை மறைத்திருந்த இடம் அது. இந்தக் கவனிப்பைத் தொடர்ந்து, அதே மருத்துவமனையின் கிரீமரும் அவருடைய இரு துணைவர்களும் 1958-இல் விளக்கொளிச் சிகிச்சையை வெளியிட்டனர். இன்று சித்தூரிலும் திருப்பதியிலும் நீல விளக்கின் கீழ் கிடத்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் அந்தத் துணி முனையோடு உறவு உண்டு.

பணியிடங்களின் கணக்கு

சிறப்புப் பிரிவில் ஒவ்வொரு பணிமுறையிலும் மூன்று அல்லது நான்கு படுக்கைகளுக்கு ஒரு செவிலியர் என்பது ஏற்கப்பட்ட அளவு. நான்குக்கு ஒருவர் என்று கொண்டால், 12 படுக்கைகளுக்கு ஒரு முறைக்கு மூவர்; நாளுக்கு ஒன்பது பணிமுறைகள்; வாரத்திற்கு 63. ஒருவர் வாரத்தில் ஆறு நாள் பணியாற்றினால் பத்தரைப் பேர் தேவை. ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு, மகப்பேறு விடுப்பு, பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால் 12 பேருக்குக் குறையாது. மூன்றுக்கு ஒருவர் எனில் வாரத்திற்கு 84 பணிமுறைகள், 14 பேர், விடுப்புடன் 16 பேர். படுக்கைகள் நிரம்பி ஒரே கட்டிலில் இரு குழந்தைகள் கிடத்தப்படும் நாட்களில் இக்கணக்கும் போதாது. 12 பேர் என்று ஆணை இருந்து, பணியில் எண்மர் மட்டும் இருந்தால், இரவுப் பணியில் இருவரே எஞ்சுவர். அவர்களில் ஒருவர் ஆபத்திலுள்ள ஒரு குழந்தைக்குச் செயற்கை மூச்சளிக்கும்போது மற்ற பதினொரு குழந்தைகளுக்கும் ஒருவரே பொறுப்பு.

இக்குறை நீடிப்பதற்கு மனிதாபிமானக் குறைவைக் காட்டிலும் கணக்கு முறையே பெரிய காரணமாக இருந்துள்ளது. கட்டிடமும் வெப்பக் கட்டிலும் ஒரு முறைச் செலவு. திறப்பு விழாவும் உண்டு. செவிலியர் பணியிடம் ஆண்டுதோறும் தொடரும் செலவு. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், திட்டத்தின் கீழ் தோற்றுவிக்கப்பட்ட பணியிடங்கள் திட்டக் காலம் முடிந்ததும் திட்டம் சாராச் செலவாக மாநிலத்தின் மீது விழுந்தன. அதனால் நிதித் துறைகள் புதிய பணியிடம் என்றாலே தயங்கின. திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்னும் பாகுபாடு 2017-18 மத்திய வரவு செலவுத் திட்டத்தில் நீக்கப்பட்டது. தயக்கம் நீங்கியதாகச் சொல்ல முடியாது. இடைவெளியை நிரப்பத் தேசிய நலவாழ்வு இயக்கத்தின் கீழ் ஒப்பந்தச் செவிலியர் அமர்த்தப்பட்டனர். ஒரே பிரிவில், ஒரே இரவில், ஒரே வேலையைச் செய்யும் இருவர் வேறுவேறு ஊதியம் பெறும் நிலை இதன் விளைவு.

பயிற்சி பெற்றவரை இடம் மாற்றுவது இதனினும் பெரிய இழப்பு. சிறப்புப் பிரிவுக்கு வரும் செவிலியர் நான்கு நாள் வகுப்பும், அதன் பின் தேர்ந்த மையமொன்றில் இரு வாரம் நேர்முகப் பயிற்சியும் பெற வேண்டும். இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்துள்ள பச்சிளங்குழந்தைச் செவிலியப் பட்டயப் படிப்பு ஓராண்டு. ஆனால் கைப்பழக்கம் என்பது சான்றிதழுக்குப் பின்னரே வருகிறது. நூலிழை போன்ற நரம்பில் முதல் முயற்சியிலேயே ஊசி ஏற்றுவது, அழுகையின் தன்மை மாறியதை உணர்வது, 'இன்று இந்தக் குழந்தை சரியாக இல்லை' என்று அளவுகள் மாறுமுன்பே கணிப்பது ஆகியவை மாதக் கணக்கில் கூடும் திறன்கள். சுழற்சி முறையில் அவரை ஆறு மாதத்தில் எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்பினால் அம்முதலீடு முழுதும் வீணாகிறது. இயந்திரம் ஒன்றை இவ்வாறு இடம் மாற்றினால் தணிக்கைக் குறிப்பு எழும். திறனை மாற்றினால் எழுவதில்லை.

மாற்று வழிகளும் முயலப்பட்டுள்ளன. புருலியாவில் செவிலியர் பற்றாக்குறையை ஈடுசெய்ய உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்துப் பச்சிளங்குழந்தை உதவியாளராக அமர்த்தினர். மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் அபய் பங், ராணி பங் தம்பதியரின் நிறுவனம், கிராமப் பெண்களைப் பயிற்றுவித்து வீட்டிலேயே பராமரிப்பு அளித்து, பச்சிளங்குழந்தை மரணத்தை மூன்றாம் ஆண்டில் 62 சதவீதம் குறைத்ததாக 1999-இல் அறிவித்தது. இவை பெருமைக்குரியவையே. ஆயினும் உதவியாளர் செவிலியருக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது. பணியிடத்தை நிரப்பாமைக்கு இவற்றைச் சாக்காகக் காட்டுவது அந்த முயற்சிகளுக்கே இழைக்கும் அநீதி.

எல்லைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டின் அனுபவமும் கருதத்தக்கது. அங்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை முறை வைத்து அமர்த்தி, இரவும் பகலும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு பரவலாக்கப்பட்டது. 2020-இல் சிசு மரண விகிதம் தமிழ்நாட்டில் 13, ஆந்திரத்தில் 24. இவ்வேறுபாட்டிற்குப் பல காரணங்கள் உண்டு. செவிலியர் எண்ணிக்கையும் அவற்றுள் ஒன்று என்பதை மறுப்பது கடினம்.

தாயின் இடம்

கார்வேட்டிநகரத்துக் குழந்தை சித்தூருக்கோ திருப்பதிக்கோ வந்து சேரும்போது தாய் பெரும்பாலும் பிரசவம் நடந்த மருத்துவமனையிலேயே இருக்கிறார். குழந்தைக்கு முதலில் வேண்டியது அவருடைய பால். அதன் பின் அவருடைய மார்பின் வெப்பம். கொலம்பியாவின் போகோட்டா நகரில் 1978-இல் டாக்டர் எட்கர் ரே, கருவிகள் போதாமையால் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு நேராக அணைத்துக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று இது கங்காரு முறை எனப்படுகிறது. பற்றாக்குறையில் பிறந்த முறையானாலும் பின்னர் அது சிறந்த முறையாகவே நிலைபெற்றது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கியபோது, நிலைபெற்ற பின் தொடங்கியதைக் காட்டிலும் 28 நாள் மரணம் 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது.

இம்முறை செவிலியரின் வேலையைக் குறைப்பதில்லை. அதன் தன்மையை மாற்றுகிறது. பத்தொன்பது வயதுப் பெண்ணிடம், உள்ளங்கை அளவு குழந்தையை அஞ்சாமல் மார்பில் ஏந்தச் சொல்ல வேண்டும். பால் சுரக்கவில்லை என்று அழுபவரைத் தேற்ற வேண்டும். மாமியாரை உடன்படுத்த வேண்டும். இப்பகுதியில் இதைத் தெலுங்கிலும் தமிழிலும் செய்யத் தெரிந்தவரே பயன்படுவார்; பணியமர்த்தும் விண்ணப்பத்தில் இதற்கு மதிப்பெண் இல்லை. வீடு திரும்பிய பின் ஆஷா பணியாளர் 42 நாட்களுக்குள் ஆறு முறை இல்லத்திற்குச் சென்று பார்ப்பார். கண் பரிசோதனைக்கு ஒரு மாதத்திற்குள் மீண்டும் பேருந்து ஏற வேண்டும் என்பதை அத்தாய் மறவாமல் இருக்குமாறு சொல்லி அனுப்புவதும் வெளியேற்றும் நாளின் செவிலியரே.

சப்தர்ஜங்கில் இதற்கென அமைக்கப்பட்ட தாய்-சேய் தீவிரப் பராமரிப்புப் பிரிவில் தாயின் கட்டில் குழந்தையின் கட்டிலுக்கு அருகிலேயே போடப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் இதைப் பின்பற்ற முதல் தடை இடப்பற்றாக்குறை. அடுத்தது எண்ணிக்கை. 12 குழந்தைகளோடு பிரசவித்து ஓரிரு நாளே ஆன 12 தாய்மாரும் அப்பிரிவில் தங்கினால், அவர்களுடைய இரத்தப்போக்கையும் காய்ச்சலையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்க வேண்டியவர் யார் என்ற கேள்வி எழுகிறது. பிரசவப் பிரிவின் செவிலியரா, குழந்தைப் பிரிவின் செவிலியரா என்பதைப் பணியிட அளவைகள் முதலில் வரையறுக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் அளவையில் படுக்கை என்பது குழந்தையின் படுக்கை மட்டுமே.